அப்பாவின் பென்டிரைவில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை, ரிப்பேர் சாஃப்ட்வேர் வாங்கலாமா?

ஜூன் 2, மாலை (கேள்வி)

அண்ணே, அப்பா ரிட்டயர் ஆன பிறகு ஊர்க் கோயில் தல வரலாறு, கும்பாபிஷேக மலர், குடும்பக் கணக்கு என்று நிறைய கணினியில் எழுதி வைத்திருந்தார். இப்போது அவர் இல்லை, கணினியும் போய்விட்டது. மிச்சம் ஒரு பென்டிரைவும் ஒரு சிடியும்தான். பென்டிரைவைச் செருகினால் ஏகப்பட்ட ஃபைல்கள் தெரிகின்றன, ஒன்றுகூட ஒழுங்காகத் திறக்கவில்லை. சிலது கரப்ட் என்கிறது, சிலது திறந்தால் ஒரே கிறுக்கல், சிலது எதில் திறக்கட்டும் என்று என்னையே கேட்கிறது. ஒரு ரிப்பேர் சாஃப்ட்வேர் இறக்கி ஓட்டினேன். எல்லாவற்றையும் மீட்கலாம் என்று பச்சை டிக் காட்டிவிட்டு, சேமிக்க மட்டும் ஐயாயிரம் கேட்கிறது. எல்லாம் மொத்தமாகக் கெட்டிருப்பதால் வைரஸாகத்தான் இருக்கும். வாங்கிவிடலாமா?

ஜூன் 2, இரவு

வாங்காதீர்கள் தம்பி.

அந்த வகை சாஃப்ட்வேர் ஸ்கேன் செய்யும்போது எதைக் கொடுத்தாலும் பச்சைதான் காட்டும். உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு ஃபைலுக்கு டாக் எக்ஸ்டென்ஷன் வைத்து கொடுத்துப் பார்த்திருக்கிறேன், அதையும் மீட்டுத் தருகிறேன் என்றது. எதை மீட்குமோ.

மொத்தமாகக் கெட்டுவிட்டது என்கிறீர்கள், ஆனால் நீங்களே எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒன்று கரப்ட் என்கிறது, ஒன்று கிறுக்குகிறது, ஒன்று எதில் திறக்க என்று கேட்கிறது. ஒரே நோய் என்றால் பெரும்பாலும் எல்லாம் ஒரே மாதிரி படுத்துக்கொள்ளும். இது மூன்று நான்கு வேறு வேறு சங்கதி. நான் டிடிபி கடை வைத்திருப்பவன், திறக்காத ஃபைலோடு யாராவது வந்து நிற்காத நாள் குறைவு. அப்படி வருவதில் நிஜமாகவே கெட்டுப்போனது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நல்ல ஃபைல், திறக்கும் ஆள்தான் தப்பு.

முதலில் பென்டிரைவில் இருக்கும் அத்தனையையும் ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். எடுத்ததும் பென்டிரைவைக் கழற்றி டிராயரில் போட்டுவிடுங்கள், இனி நோண்டுவது எல்லாம் நகலில்தான். செருகும்போது 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' என்று விண்டோஸ் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். அது சரிசெய்கிறேன் என்று இறங்கினால் சில சமயம் ஃபைல்களைப் பெயரில்லாத துண்டுகளாக்கி ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிடும்.

நகல் எடுத்த பிறகு எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் வழக்கமாகப் பெயரின் வாலை, அதாவது புள்ளிக்குப் பிறகு வரும் டாக், ஜேபிஜி போன்ற எக்ஸ்டென்ஷனை, மறைத்து வைத்திருக்கும், வால் தெரியாமல் ஒன்றும் பேச முடியாது. அப்படியே சைஸையும் காட்டச் சொல்லிவிட்டு முழுப் பட்டியலை இங்கே போடுங்கள்.

ஜூன் 2, இரவு, படுக்கப் போகும் முன்

பட்டியலோடு, என்ன எரர் வருகிறது என்பதையும் வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்கள். "ஏதோ எரர் வந்தது, ஓகே கொடுத்துவிட்டேன்" என்று சொல்லக் கூடாது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஜூன் 3, காலை

பட்டியல் பார்த்தேன். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

1 கேபி என்று வரிசையாக நிற்பவை ஃபைலே இல்லை, ஷார்ட்கட். பழைய பென்டிரைவ் வைரஸ் வேலை இது. ஜெராக்ஸ் கடை கணினியில் ஒருமுறை செருகினால் போதும், உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்களை வைத்துவிடும். நீங்கள் வைரஸ் என்று சொன்னது இந்த அளவுக்குச் சரி. ஷார்ட்கட்களை டபுள் கிளிக் செய்யாதீர்கள், டெலீட் செய்யுங்கள். அப்புறம் கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் என்ற கட்டளையில் எச், எஸ், ஆர் மூன்றுக்கும் மைனஸ் போட்டு ஓட்டினால் மறைந்திருந்த ஃபோல்டர்கள் வெளியே வரும். பென்டிரைவில்தான் மறைந்திருக்கும், உங்கள் நகலில் வந்திருக்காது. அதனால் டிராயரைத் திறக்க வேண்டியதுதான். இதற்கு மட்டும் விதிவிலக்கு. செருகும் கணினியில் ஆன்டிவைரஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அலைக்கோடும் டாலர் குறியும் முன்னால் நிற்கும் 162 பைட் ஃபைலை விட்டுவிடுங்கள். வேர்டில் ஒரு ஃபைல் திறந்திருக்கும்போது யார் திறந்திருக்கிறார் என்று குறித்து வைக்கும் சீட்டு அது. மின்சாரம் போனாலோ வேர்ட் பாதியில் விழுந்தாலோ அந்தச் சீட்டு அப்படியே தங்கிவிடும். இதைத் திறக்க முயன்று "அப்பா எழுதியது போச்சு" என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையான ஃபைல் பக்கத்திலேயே இருக்கும். புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் சின்ன ஃபைல்கள் இருந்தால் அவையும் அப்படித்தான், யாரோ ஆப்பிள் கணினியில் செருகியிருக்கிறார்கள்.

0 பைட் என்று இருக்கும் இரண்டைப் பற்றி நம்பிக்கை கொடுக்க மாட்டேன். அதில் ஒன்றுமில்லை.

ஜூன் 3, மாலை

இனி வால் ஒன்றும் உடம்பு ஒன்றுமாக இருப்பவை. பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், ஃபைலின் முதல் சில எழுத்துகளை அப்படி மாற்றி வைக்க மாட்டார்கள். சந்தேகமான ஃபைலின் நகலை நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு மூடுங்கள், சேவ் செய்யவே கூடாது, செய்தால் அந்த நகல் காலி.

முதலில் பிகே என்று இரண்டு எழுத்து இருந்தால் அது ஜிப். அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் கட்ஸ் என்பவரின் பெயர் முதலெழுத்துகள்தான் அவை. புது வேர்ட், எக்ஸல், பவர்பாயின்ட் ஃபைல்கள் எல்லாம் உள்ளுக்குள் ஜிப் என்பதால் அவையும் பிகே என்றே தொடங்கும். குறுக்குக்கோடு போட்ட டி, தலையில் இரண்டு புள்ளி வைத்த ஐ என்று வந்தால் 2007-க்கு முந்தைய ஆபீஸ் வகை. அந்த நான்கு பைட்டைப் பதினாறடி எண்ணில் எழுதினால் டி0 சிஎஃப் 11 இ0, சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் டாக்ஃபைல் மாதிரி இருக்கும். யாரோ புரோகிராமர் வேலை நேரத்தில் செய்த குறும்பு, உலகம் முழுக்க அத்தனை பழைய வேர்ட் ஃபைல்களின் நெற்றியிலும் இருக்கிறது. சதவீதக் குறியோடு பிடிஎஃப் என்று எழுதியே இருந்தால் பிடிஎஃப். ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்று தொடக்கத்தில் தெரிந்தால் போட்டோ.

கோண அடைப்புக்குறிக்குள் எச்டிஎம்எல் என்று தொடங்கினால் அது வலைப்பக்கம். இதை ரொம்பப் பார்க்கிறேன். ஏதோ ஒரு தளத்தில் 'எக்ஸலாக டவுன்லோட் செய்' என்று பட்டன் இருக்கும், இறங்குவது வலைப்பக்க அட்டவணை, வால் மட்டும் எக்ஸ்எல்எஸ். வடிவமும் எக்ஸ்டென்ஷனும் பொருந்தவில்லை, கெட்டதாக இருக்கலாம் என்று எக்ஸல் பயமுறுத்தும். யெஸ் கொடுத்தால் திறந்துவிடும். திறந்ததும் உண்மையான எக்ஸலாக வேறு பெயரில் சேமித்துவிடுங்கள்.

உங்கள் பட்டியலில் ஜேபிஜி என்று இருந்தும் திறக்காத கும்பாபிஷேகப் போட்டோக்கள் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். அண்மையில் யாராவது ஐபோனில் எடுத்துக் கொடுத்து அப்பா அதில் போட்டு வைத்தாரா? ஐபோன் 2017 முதல் ஹெய்க் என்ற வடிவத்தில் படம் எடுக்கிறது. திறக்கவில்லையே என்று யாரோ வாலை ஜேபிஜி என்று மாற்றியிருப்பார்கள். முதல் வரியில் எஃப்டைப், ஹெய்க் என்று தெரிந்தால் வாலைத் திரும்ப மாற்றுங்கள், கூகுள் போட்டோஸில் ஏற்றினால்கூட தெரியும்.

ஜூன் 4

போட்டோக்கள் வந்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். மைத்துனர் ஐபோனா? சரி.

இனி முக்கியமான சமாச்சாரம், தல வரலாறு. "வேர்டில் திறக்கிறது, ஆனால் கிறுக்கல், கரப்ட் ஆகிவிட்டது" என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ஒன்றைக் கவனித்தீர்களா? எழுத்தெல்லாம் கன்னாபின்னா, ஆனால் 1987 என்ற வருஷமும் நன்கொடைத் தொகைகளும் அப்படியே சுத்தமாகத் தெரிகின்றன. கெட்டுப்போன ஃபைல் எண்ணை மட்டும் பார்த்துப் பார்த்து விட்டுவைக்காது. அந்த ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா பாமினியில் தட்டியிருக்கிறார், உங்கள் கணினியில் பாமினி ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான்.

இளைய தலைமுறைக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991-லேயே வந்துவிட்டாலும் நம் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அது வந்து சேர ரொம்ப வருஷம் ஆனது. அதுவரை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்துவைத்து ஏமாற்றிக்கொண்டிருந்தோம். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம்தான், ஃபான்ட்தான் தமிழ் வேஷம் போடும். பாமினியில் எம் அடித்தால் அ, கே அடித்தால் ம, அரைப்புள்ளி அடித்தால் மேலே புள்ளி, எச் அடித்தால் துணைக்கால். ஆகவே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாகக் கிடந்தால் அது அம்மா. ஃபான்ட்டை எடுத்துவிட்டால் வேஷம் கலைந்து ஆங்கிலக் குப்பை தெரியும்.

பாமினி மட்டும்தானா என்றால் இல்லை, ஆளுக்கு ஒன்று வைத்திருந்தோம். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்த பிறகு தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளை அறிவித்தது. இணையத்தில் டிஸ்கி என்ற இன்னொரு குறியீடு புழங்கியது. அரசு அலுவலகங்களில் வானவில், அச்சகங்களில் ஸ்ரீலிபி. எதில் தட்டியது என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது இதுதான்: ஃபைலில் நடுநடுவே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்கள் படிக்க முடிகிறதா? முடிகிறது, தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தலையில் கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் என்றால் டிஸ்கி அல்லது டாப், ஏனென்றால் அவை இரண்டிலும் ஆங்கிலம் தன் இடத்திலேயே இருக்கும். முழுக்க சாதாரண விசைப்பலகை எழுத்துகளும் அரைப்புள்ளியுமாக இருந்தால் பாமினி மாதிரி ஏதாவது ஒன்று. வேர்டில் அந்தக் கிறுக்கலைத் தேர்ந்தெடுத்தால் மேலே ஃபான்ட் பெட்டியில் பழைய பெயர் அப்படியே நிற்கும், கணினியில் அது இல்லாவிட்டாலும். முதலில் அதைப் படியுங்கள்.

பெயர் தெரிந்ததும் இரண்டு வழி. அந்த ஃபான்ட்டைத் தேடிப் போட்டால் உடனே தமிழ் தெரியும், ஆனால் வேஷம்தான், நாளைக்கு வேறு கணினியில் மறுபடி கிறுக்கல். நிரந்தரமாக வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கிறது, சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி இருக்கிறது. ஒட்டி, வகையைத் தேர்ந்தெடுத்து, மாற்று.

ஜூன் 4, இரவு

மேலே உள்ளதற்கு ஒரு ஒட்டு. மொத்தமாக ஒட்டி மாற்றினால், பாமினி ஃபைலில் நடுவே இருக்கும் உண்மையான ஆங்கிலமும் தமிழாக மாறி உளறும். அப்பாவின் ஈமெயில் முகவரி, பி.ஏ., எம்.ஏ. பட்டங்கள் எல்லாம் யாரோ தூக்கத்தில் பேசுவது போல் வரும். வேர்டின் ஃபைண்ட் பெட்டியில் எழுத்து எதுவும் கொடுக்காமல் ஃபான்ட்டை மட்டும் கொடுத்துத் தேடலாம். டைம்ஸ் நியூ ரோமன் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்து, அந்த இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு அப்புறம் மாற்றுங்கள்.

மாற்றிய பிறகு வாக்கியத் தொடக்கங்களைக் கண்ணால் ஓட்டிப் பார்க்கவும். வேர்டுக்கு அது ஆங்கிலமாகத் தெரிவதால் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானே பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் சின்ன எம் அ என்றால் பெரிய எம் ஆ. "அவர் திருப்பணி செய்தார்" என்பது "ஆவர் திருப்பணி செய்தார்" ஆகிவிடும். நிறைய பழைய கோயில் மலர்களில் இந்த 'ஆவர்' நடமாடுகிறார். அதே போல் பாமினியில் கமாதான் இ. யாராவது கமாக்களை எல்லாம் ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஃபைண்ட் ரீப்ளேஸ் கொடுத்திருந்தால் ஃபைலில் ஒரு இகூட மிஞ்சாது.

ஜூன் 5

நடுவில் துபாயில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், சங்க உறுப்பினர் பட்டியலை எக்ஸலில் திறந்தால் தலையில் கோடு போட்ட ஏ-வும் வட்டத்துக்குள் ஆர்-உம் மாறி மாறி வருகிறதாம், இதுவும் பாமினியா என்று.

இல்லை. அது யூனிகோட் தமிழேதான், எக்ஸல் அதை ஐரோப்பிய எழுத்தாகப் படிக்கிறது. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். எல்லாம் ஒரே முதல் பைட்டில் தொடங்குவதால் அந்த ஏ திரும்பத் திரும்ப வருகிறது. சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் செய்யாமல், வெற்று எக்ஸலைத் திறந்து டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியாக உள்ளே எடுங்கள், எந்தக் குறியீடு என்று கேட்கும் இடத்தில் 65001 யூடிஎஃப்-8. தமிழ் வந்துவிடும். ஆனால் கிறுக்கலாகத் தெரியும்போது அப்படியே திருத்தி சேவ் செய்தீர்கள் என்றால் சிக்கல்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அதைவிட எளிது, ஃபான்ட் மட்டும் இல்லை. கட்டம், ஐரோப்பியக் கிறுக்கல், அரைப்புள்ளிக் கிறுக்கல், மூன்றிலும் உள்ளடக்கம் பத்திரம்.

வரிசையாகக் கேள்விக்குறி வந்தால்தான் பயப்பட வேண்டும். யூனிகோட் தமிழைப் பழைய நோட்பேடில் ஆன்ஸி என்ற யூனிகோட் அல்லாத வடிவத்தில் சேமித்தால், தனக்குத் தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை எழுதிவிடும். காட்டுவது மட்டும் இல்லை, ஃபைலுக்குள்ளேயே கேள்விக்குறிதான் இருக்கும். அ-வுக்கும் கேள்விக்குறி, ழ-வுக்கும் கேள்விக்குறி, எதிலிருந்து எதை மீட்பது? 2019-க்குப் பிறகு வந்த நோட்பேடில் இயல்பாகவே யூடிஎஃப்-8 என்று மாற்றிவிட்டார்கள், அதனால் புதிதாக இப்படி ஆவது குறைந்துவிட்டது.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

நோட்பேடில் பெரிய ஃபைலைத் திறந்தால் கணினி தொங்கிவிடுகிறது என்று ஒருவர் திட்டியிருக்கிறார். நியாயம். போட்டோ, வேர்டுக்கு நோட்பேட் போதும், வீடியோ மாதிரி பெரியதற்கு ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் எச்எக்ஸ்டி என்ற இலவச ஹெக்ஸ் எடிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஜிபி என்றாலும் முதல் வரியை உடனே காட்டும்.

ஜூன் 6

பேஜ்மேக்கர், அச்சுக்குப் பக்கம் அமைக்கும் பழைய சாஃப்ட்வேர். வந்துதானே ஆக வேண்டும். கும்பாபிஷேக மலரின் பிஎம்டி ஃபைலை விண்டோஸ் எதில் திறக்கட்டும் என்று கேட்கிறது, கேட்காமல் என்ன செய்யும்? பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7, வந்தது 2001. அதற்குப் பிறகு அடோபி இன்டிசைன் பக்கம் போய்விட்டது. நம் ஊர் அச்சகங்கள் போகவில்லை. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் மலர் எல்லாம் பேஜ்மேக்கரிலேயே ஓடிக்கொண்டிருந்தன, என் கடையும் சேர்த்துத்தான். இன்டிசைன் சிஎஸ்6 வரை பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், அடுத்து வந்த சிசி பதிப்புகளில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். லிப்ரே ஆபீஸ் 4.4-ல் இருந்து ஓரளவு திறக்கிறது. டிரா என்ற பகுதியில் வரும், பக்க அமைப்பு இடம் மாறி நிற்கலாம், எழுத்தை மட்டும் அள்ளிக்கொள்ள உதவும். முதலில் அதை முயலுங்கள், செலவில்லை.

சரிவராவிட்டால் பேஜ்மேக்கர் இருக்கும் பழைய அச்சகத்தைப் பிடியுங்கள். திறந்ததும் பானோஸ் என்று தலைப்புப் போட்ட ஒரு பெட்டி வரும், இந்த ஃபான்ட் இல்லை, பதிலுக்கு இதைப் போடட்டுமா என்று. அதில் தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டு உண்டு. தற்காலிகத்தையே கொடுக்கச் சொல்லுங்கள். நிரந்தரம் கொடுத்துச் சேமித்துவிட்டால் பழைய ஃபான்ட் பெயர் ஃபைலில் இருந்தே போய்விடும், எதில் தட்டியது என்ற ஒரே துப்பும் அதோடு போகும். உள்ளே போனதும் எழுத்துக் கட்டத்தில் கர்சரை வைத்து கன்ட்ரோல் இ அழுத்தினால் ஸ்டோரி எடிட்டர் திறக்கும். பல பக்கங்களில் ஓடும் கட்டுரை அங்கே ஒரே துண்டாக இருக்கும். காப்பி செய்து மாற்றியில் போடுங்கள், பாமினிக்குச் சொன்ன அதே வழி.

அந்தக் காலத்தில் சில ஃபான்ட் சாஃப்ட்வேர்களுக்கு டாங்கிள் வேறு உண்டு, பிரின்டர் போர்ட்டில் செருகினால்தான் தமிழ் வரும். அது தொலைந்தால் கடையையே மூட வேண்டும். ராத்திரி அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போன ஆட்களை எனக்குத் தெரியும், நகை மாதிரி.

ஜூன் 6, மாலை

தலைப்புக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, ஆனால் வாரத்துக்கு நாலு பேர் கடையில் கேட்பதால் பதில் போட்டுவிடுகிறேன். இ-ஆதார் பிடிஎஃப் திறக்கவில்லை என்பது கரப்ட் இல்லை, பாஸ்வேர்ட். ஆதாரில் உள்ள ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்து கேபிடலில், அதோடு பிறந்த வருஷம் நான்கு இலக்கம். நம் ஆட்களுக்கு இனிஷியலில்தான் இடறும். ஆதாரில் பெயர் ஆர். மணி என்று இனிஷியல் முன்னால் இருந்தால் ஆர், புள்ளி, எம், ஏ, இவைதான் அந்த நான்கு. புள்ளியும் கணக்கில் சேரும், இடைவெளி சேராது. திறந்த பிறகு கையெழுத்து இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி தெரிந்தால் ஃபைலில் கோளாறு என்று அர்த்தமில்லை, அந்த டிஜிட்டல் கையெழுத்தை உங்கள் ரீடர் இன்னும் சரிபார்க்கவில்லை, அவ்வளவே.

ஜூன் 8

"அண்ணே நிஜமாகவே கெட்டது என்பது எப்படி இருக்கும்" என்று கேட்டீர்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் குடும்பக் கணக்கு எக்ஸல்கள் அந்த வகை என்று இப்போது தோன்றுகிறது. சைஸ் சரியாகக் காட்டுகிறது, பெயர் சரி, தேதி சரி, ஆனால் நோட்பேடில் திறந்தால் ஓர் எழுத்தும் இல்லை, இடைவெளியாக நீண்டுகொண்டே போகிறது என்றீர்கள். பைட் அத்தனையும் பூஜ்யம். எழுதி முடிக்கும் முன் பென்டிரைவை உருவியிருக்கலாம். அல்லது பென்டிரைவே போலி. 64 ஜிபி என்று மேலே அச்சிட்டு உள்ளே எட்டு ஜிபி சிப் வைத்து விற்கிறார்கள். கணினியிடம் 64 என்று பொய் சொல்லும், எட்டைத் தாண்டியதும் எழுதுவது போல் நடிக்கும், பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன புரோகிராம் பென்டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். அதை அப்பாவின் பென்டிரைவில் ஓட்டிவிடாதீர்கள், அதே கடையில் வாங்கிய இன்னொன்று காலியாக இருந்தால் அதில் பாருங்கள்.

பூஜ்யத்தை ஐயாயிரம் ரூபாய் சாஃப்ட்வேராலும் படிக்க முடியாது. எந்த ரிப்பேரும் வேண்டாம் என்று முதல் நாள் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டுமென்றால் அது பாதி கெட்ட ஃபைலுக்குத்தான், அதற்கும் காசு தேவையில்லை. டாக்எக்ஸ் கெட்டால் நகலின் வாலை ஜிப் என்று மாற்றி 7-ஜிப்பில் திறங்கள். உள்ளே வேர்ட் என்று ஒரு ஃபோல்டர், அதில் டாக்குமென்ட்.எக்ஸ்எம்எல், மொத்த எழுத்தும் அதில்தான். மீடியா என்ற ஃபோல்டரில் படங்கள் தனித்தனியாக இருக்கும். ஒரு மாணவி நாளைக்குப் பைண்டிங் என்ற நிலையில் ஆய்வேட்டோடு வந்து நின்றார், வேர்ட் ஒரேயடியாக முடியாது என்றது. ஜிப்பாகத் திறந்ததில் ஒரே ஒரு படம் மட்டும் பாதியில் அறுந்திருந்தது. எக்ஸ்எம்எல்லில் இருந்து எழுத்தை எடுத்துப் புது ஃபைலில் கொட்டி, அடிக்குறிப்புகளைத் தனியாக எடுத்து, விடியும்போது முடித்தோம். எழுத்தின் அழகெல்லாம் போய்விட்டது, மறுபடி தலைப்புகளைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். பழைய டாக் என்றால் இந்த வழி இல்லை, லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள், வேர்ட் மறுப்பதில் கணிசமானதை அது வாங்கிக்கொள்ளும். வேர்ட் 95-க்கு முந்தைய ஃபைலுக்கு வேர்ட் காட்டும் தடைக்கும் ஃபைல் கெட்டது காரணமில்லை, அது பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு. டிரஸ்ட் சென்டரில் 'ஃபைல் பிளாக்' பகுதியில் பாருங்கள்.

ஜூன் 9

ஜிப் விரியவில்லை, பெயர் நீளம் என்கிறது என்றீர்கள். லினக்ஸில் விரித்தீர்களா? அப்பா வைத்த பெயரைப் பாருங்கள், அருள்மிகுவில் தொடங்கி அம்மன் பெயர், ஊர், வட்டம், மாவட்டம், திருப்பணி, இறுதித் திருத்தம் 2 வரை ஃபைல் பெயரிலேயே அழைப்பிதழ் அடித்திருக்கிறார். விண்டோஸில் பெயருக்கு 255 எழுத்து வரை இடம். லினக்ஸில் 255 பைட். தமிழுக்குக் குறி ஒன்றுக்கு மூன்று பைட் என்பதால் 85 குறிகளோடு சரி, அதிலும் கொ என்றால் க ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒன்று என இரண்டு. ஆங்கிலப் பெயருக்கு வராத பிரச்சினை நமக்கு மட்டும் வருகிறது. விண்டோஸில் 7-ஜிப்பால் திறந்து, உள்ளேயே பெயரைச் சுருக்கிவிட்டு விரியுங்கள். விண்டோஸிலும் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழத்தில் விரிக்காதீர்கள், முழுப் பாதைக்கு 260 என்ற பழைய எல்லை இன்னும் பல புரோகிராம்களில் இருக்கிறது. சி டிரைவில் நேராக ஒரு ஃபோல்டர் போட்டு விரியுங்கள்.

ஜூன் 12

தல வரலாறு முழுதும் யூனிகோடில் வந்துவிட்டது, 'ஆவர்' பதினேழு இடத்தில் இருந்தார் என்று எண்ணியே எழுதியிருக்கிறீர்கள். பலே. கணக்கு எக்ஸல்கள் போனது போனதுதான், சிடியில் பழைய நகல் இருந்தால் உண்டு.

சிடிக்கு: ஒரு டிரைவ் படிக்கவில்லை என்றால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள், பழைய டெஸ்க்டாப் டிரைவ்கள் லேப்டாப்பில் செருகும் ஒல்லி டிரைவ்களைவிடப் பொறுமையாகப் படிக்கின்றன, என் அனுபவத்தில். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் மெல்லிய துணியால் துடைக்கவும், வட்டமாகத் துடைக்க வேண்டாம். திறந்ததும் எதையும் அங்கேயே கிளிக் செய்யாமல் முதலில் நகல்.

பேஜ்மேக்கர் ஃபைல் லிப்ரே ஆபீஸில் சிதறி வந்ததென்றால் எனக்கு அனுப்புங்கள், எக்ஸ்பி போட்ட ஒரு கிழட்டுக் கணினியை இணையத்தோடு சேர்க்காமல் இதற்கென்றே வைத்திருக்கிறேன். பிஎம்டியை மட்டும் அனுப்பாதீர்கள், அதே ஃபோல்டரில் இருக்கும் டிஃப் படங்களையும் சேர்த்து ஜிப் செய்யுங்கள், பேஜ்மேக்கர் பெரிய படங்களை வெளியேதான் வைத்திருக்கும். பெயரைச் சுருக்கமாக வையுங்கள்.